மேஜைக்கு அடியில் பேரம்

“ஒரு சிரிப்புக்கு நாலு சாக்லேட்!” என்று மேஜைக்கு அடியிலிருந்து விலை வந்தது.

“ரெண்டு தர்றேன், வெளியே வாடா கண்ணா” என்று கெஞ்சினாள் அவள்.

“மாட்டேன். நான் எங்க ஊருக்கே போறேன். நீ யாரு எனக்கு?”

அவள் முகம் வாடிவிட்டது. தத்து அலுவலகம் தந்த கையேட்டைப் புரட்டிய கணவன், “பேரம் பேசக் கூடாதுன்னு போட்டிருக்குடி. இன்னிக்குத் தோத்தா குழந்தை நமக்கில்லை” என்று கிசுகிசுத்தான்.

“சரி, நீ வெளியே வர வேண்டாம். நான் உள்ளே வர்றேன்” என்று தவழ்ந்து போனவள், மேஜையில் ‘ணங்’கென்று தலையை இடித்துக்கொண்டாள். உள்ளிருந்து சிரிப்பு வெடித்தது.

பல்செட்டைப் பிடித்தபடி வெளியே வந்தார், ஜவுளிக்கடை நடத்தும் அவளுடைய மாமனார்.

“வெளிநாட்டுக் குழந்தையைச் சமாளிக்க உங்களால ஆகாது, முதல்ல குழந்தையா நடிக்கிற என்னைச் சமாளிங்கன்னு சொன்னேன். நீ என்னைச் சிரிக்க வெச்சு ஜெயிச்சுட்டம்மா, தத்துப் படிவத்தைக் குடு.”

சம்மதக் கையெழுத்தைப் போட்ட கையோடு, அதே கையை நீட்டினார். “சிரிச்சதுக்கு நாலு சாக்லேட்?”

“உங்களுக்குத்தான் சர்க்கரை ஆச்சே, மாமா!”

“அப்போ பேரன் வர்றவரைக்கும் பாக்கி நிக்கட்டும். நாலும் அவன் கைக்குப் போகணும். ஒண்ணு குறைஞ்சாலும் மறுபடி மேஜைக்கு அடியில போய் உக்காந்துடுவேன்!”