ஒரு கூட்டம்கூடத் தவறாதவர்

மலேசியாவின் ஈப்போ நகர மண்டபத்தின் முன்வரிசையில் கேப்ரியல் நெளிந்துகொண்டிருந்தான். வெள்ளைக்காரனை எதிர்த்த பழைய மலாய் இடதுசாரிக் கட்சிக்கு விழா. திரையில் எஸ்டேட் கிளைக் கூட்டத்தின் ஒரே புகைப்படம். அதில் ஒருவர் ஆவேசமாகப் பேசுகிறார், கேப்ரியலின் தாத்தாவோடு நாலு பேர் கேட்கிறார்கள். ஐவர் குடும்பத்துக்கும் இன்று பொன்னாடை.

"என்னங்க, இப்படி வேர்க்குது?" என்றாள் மனைவி ஹில்டா. "உங்க தாத்தா ஒரு கூட்டம்கூட விட்டதில்லன்னு சொந்தக்காரங்களுக்கெல்லாம் சொல்லிட்டேன்லா."

"வீட்டுக்குப் போயிடலாமா?"

"தியாகியோட பேரன் பேசுற பேச்சைப் பாரு."

அடுத்த இருக்கையிலிருந்த ரோஸ்லி மலாயில் கிசுகிசுத்தார். "நான் மேடை ஏறப்போறதில்ல. படத்துல இருக்கிற என் தாத்தா கட்சிக்காரரே இல்ல. யார் என்ன பேசுறாங்கன்னு கேட்டுச் சொல்ல வெள்ளைக்காரப் போலீஸ் அனுப்புன ஆளு."

கேப்ரியலுக்கு மூச்சு வந்தது. "என் தாத்தாவுக்கும் அதே உத்தியோகம்தான். அதான் ஒரு கூட்டமும் விடல."

இருவரும் வரிசையைப் பார்த்தார்கள். ஏர்கோன் குளிரில் மற்ற இரண்டு பேரன்களும் நெற்றியைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். வேர்க்காமல் இருந்தவர், படத்தில் பேசியவரின் மகள் சல்மா மட்டும்தான்.

மேடையில் தனக்குப் போர்த்திய பொன்னாடையை கேப்ரியல் அந்த மூதாட்டியின் கையிலேயே கொடுத்தான். "இது உங்க அப்பாவுக்குத்தான்மா சேரணும். என் தாத்தா வந்து..."

"தெரியும்பா. அப்பாவுக்கும் தெரியும்," என்றார் சல்மா. "படம் எடுத்த அன்னைக்கு நல்ல மழை. கட்சிக்காரங்க ஒருத்தரும் வரல. இவங்க நாலு பேர்தான் நனைஞ்சுக்கிட்டு வந்தாங்க. அப்பா மனசு நெறஞ்சு பேசுனாரு."