இருட்டறையில் ஒரு கை

"கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி ஒரு விஷயம் சொல்லணுங்கய்யா. கேட்டுட்டு அப்புறம் போடுங்க."

பெரியவர் பேனாவைத் திறந்தபடியே நிமிர்ந்து பார்த்தார். லிஃப்ட் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் குடியிருக்கும் கட்டடத்திலேயே லிஃப்ட் ஓடவில்லை. ஐந்து மாடி ஏறி வந்ததில் அவளுக்கு இன்னும் மூச்சு வாங்கியது.

"நிதானமா சொல்லும்மா. தலை போற விஷயமா?"

"போனாலும் போகும்."

பதினோரு வருஷமாகத் தொண்டையில் முள்ளாகக் குத்திக்கொண்டிருந்த விஷயம் அது. அப்போது அவள் ஆராய்ச்சி மாணவி. அவளுடைய பேராசிரியர் ஒரே ஒரு கேள்வியைக் கட்டிக்கொண்டு அழுதவர். பழங்காலக் கிரேக்கத்தில் நோயாளிகள் குளித்து, பட்டினி கிடந்து, கோயில் மண்டபத்து இருட்டில் படுப்பார்கள். விடிந்ததும், தெய்வம் வந்து தொட்டது என்பார்கள். கல்லில் பொறித்தும் வைப்பார்கள். ரோமானியர்களும் அப்படித்தான். அத்தனை பேருமா பொய் சொன்னார்கள்?

"பொய்யும் இல்ல, பைத்தியமும் இல்ல" என்பார் பேராசிரியர். "மூளை எதைப் பார்க்கத் தயாரா இருக்கோ அதைத்தான் பார்க்கும். பசி, இருட்டு, கண்டிப்பா வருவாங்கங்கிற நம்பிக்கை, மூணும் சேர்ந்தா போதும், மூளையே ஆளைக் கொண்டுவந்து நிறுத்திடும். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்னா, ஏங்கினவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் தெய்வம்."

அதை நிரூபிக்கத்தான் பல்கலைக்கழகத்தின் அடித்தளத்தில் ஜன்னலில்லாத ஓர் அறை. இறந்துபோனவர்களில் யாரைப் பார்க்க ஏங்குகிறோமோ அவரை நினைத்துக்கொண்டு, வெறும் வயிற்றோடு ஒரு மணி நேரம் படுக்க வேண்டும். இதயத் துடிப்பைப் பதிவு செய்ய மார்பில் ஒயர்கள். நாற்பது பேர் படுத்தார்கள். நிழலாடியது, மூச்சுச் சத்தம் கேட்டது என்று சிலர் சொன்னார்கள். 'என் மனைவி வந்தாள். கையைப் பிடித்துக்கொண்டாள். என் மேல் கோபமில்லை என்றாள்' என்று எழுதிக் கொடுத்தவர் இந்தப் பெரியவர் ஒருவர்தான். அதற்குத் தோதாக, கிராஃபிலும் துடிப்பு திடீரென்று ஏறியிருந்தது.

பேராசிரியருக்குத் தலைகால் புரியவில்லை. போன இடமெல்லாம் இதையே பேசினார். இப்போது புத்தகம் வரப்போகிறது. முதல் அத்தியாயமே இவர்தான். எழுதிக் கொடுத்ததை அப்படியே அச்சிட இவர் சம்மதம் வேண்டும். "நீயே போய் வாங்கிட்டு வா" என்று அவளைத்தான் அனுப்பியிருந்தார்.

"அன்னைக்கு உள்ள படுத்திருந்தப்ப நீங்க அழுதீங்க" என்றாள் அவள்.

"ம்."

"வெளிய எனக்குக் கேட்டுச்சு. வாயைப் பொத்திக்கிட்டு அழுத மாதிரி... சார் யார்கிட்டயோ போன் பேச மேல போயிருந்தார். என்ன ஆனாலும் உள்ள போகக்கூடாதுன்னு கண்டிப்பா சொல்லியிருந்தார். என்னால கேட்டுக்கிட்டு உக்காந்திருக்க முடியலைங்கய்யா." "உள்ள வந்துட்டேன். உங்க கையைப் பிடிச்சது நான்தான். உங்க வீட்டம்மா இல்ல."

பெரியவர் பேனாவை மூடி மேசையில் வைத்தார்.

"நீங்க எழுதினதைப் படிச்சதும் ஆடிப்போயிட்டேன். அன்னைக்கே சொல்லியிருக்கணும். பட்டம் போயிடுமேன்னு பயம். அப்புறம் உங்களை நினைச்சுப் பார்த்தேன். உங்க வீட்டம்மா கடைசியா போன் பண்ணினப்ப நீங்க எடுக்கலைன்னு சொல்லியிருந்தீங்களே..."

"மூணு தடவை அடிச்சுது" என்றார் பெரியவர் மெதுவாக. "லிஃப்டுக்குள்ள ஆளுங்க மாட்டியிருந்தாங்க. வேலையை முடிச்சிட்டுப் பேசிக்கலாம்னு விட்டுட்டேன். முடிச்சிட்டுக் கூப்பிட்டா, பக்கத்து வீட்டுக்காரங்க எடுத்தாங்க."

"அதனாலதான். அம்மா வந்து கோபமில்லைன்னு சொன்னாங்கன்னு நம்பி நிம்மதியா இருக்கீங்க, அதையும் போய்ப் பிடுங்கணுமான்னு வருஷா வருஷம் தள்ளிப்போட்டேன். இப்ப அது புத்தகமாவே வரப்போகுது. முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்கிற கதைக்கு இனிமே நான் தயாரில்லை. நாளைக்கு சார்கிட்டயும் சொல்லிடுவேன். ஆனா முதல்ல உங்ககிட்டதான் சொல்லணும்னு..." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "உங்க நிம்மதியைக் கெடுத்துட்டேன். மன்னிச்சிடுங்க."

திட்டுவார் என்று காத்திருந்தாள். எழுந்து போகச் சொல்வார் என்றும் நினைத்தாள். பெரியவர் தண்ணீர் டம்ளரை அவள் பக்கம் நகர்த்தி வைத்தார்.

"அழாதம்மா. முப்பத்தொரு வருஷம் பிடிச்ச கை. அவ கை எனக்குத் தெரியாதா?"

அவள் நிமிர்ந்தாள்.

"தொட்டப்பவே நீதான்னு தெரியும். வெளிய வந்தா உங்க சார் அந்தக் கிராஃபைத் தூக்கிக்கிட்டு, 'இங்க ஏன் இப்படி ஏறுச்சு, என்ன நடந்துச்சு?'ன்னு உன்னைப் போட்டுக் குடைஞ்சிட்டிருந்தார். நீ பேயறைஞ்ச மாதிரி நின்னே. உள்ளதைச் சொன்னா உன் படிப்புல மண்ணு விழும். சட்டுனு வாய்க்கு வந்ததை எழுதிக் கொடுத்துட்டேன்."

"அப்போ... கோபமில்லைன்னு அவங்க சொன்னது?"

பெரியவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"அவ வரவே இல்லம்மா. அன்னைக்கும் வரல, இன்னைக்கு வரைக்கும் வரல."