தீர்ப்பை நான்தான் சொல்லணும்

பேச்சைப் புரிந்துகொள்ளும் கருவிகள் செய்து உலகம் முழுக்கப் பேர் வாங்கியவர் எபினேசர். அந்தத் தொழிலில் அவர் இறங்கியதே தங்கை ஜெசிந்தாவுக்காகத்தான். அவளுக்குத் திக்குவாய். திக்குகிறவர் முதல் எழுத்தைத் தொட்டதுமே, சொல்ல வந்ததைப் புரிந்துகொண்டு அவர் குரலிலேயே மீதியைச் சொல்லி முடித்துவிடும் எபினேசரின் கருவி. அதைக் காதில் மாட்டிக்கொண்டுதான் ஜெசிந்தா மதுரையில் பெரிய வக்கீல் ஆனாள்.

நீதிபதியாகப் பதவியேற்கும் நாளன்று காலையில் அவள் அண்ணன் வீட்டுக்கு வந்து, கருவியைக் கழற்றி மேசைமேல் வைத்தாள்.

“என்னம்மா, ரிப்பேரா?” பதறிப்போனார் எபினேசர்.

“இ... இல்லண்ணே. நல்லாத்தான் பேசுது. ஆனா நா... நான் யோசிச்சு முடிக்கறதுக்குள்ள பே... பேசிருது. தீ... தீர்ப்ப நான்தான் சொல்லணும்.”

அவருடைய வாழ்நாள் உழைப்பு மேசைமேல் கிடந்தது. ஆனாலும் கவலை வேறாக இருந்தது.

“கோர்ட்ல யாராச்சும் சிரிச்சா?”

“உ... உள்ள தூக்கிப் போட்ருவேன்.”

இருவரும் வாய்விட்டுச் சிரித்தார்கள்.

பதவியேற்பு மண்டபத்தில் ஜெசிந்தா எழுந்து நின்று உறுதிமொழியைத் தொடங்கினாள். முதல் சொல்லே அவள் பெயர்தான். “ஜெ... ஜெ...” என்று அங்கேயே நின்றுவிட்டது. முன்வரிசையில் இருந்த எபினேசருக்கு அந்தப் பெயர் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டார்.

மண்டபம் மூச்சுவிடாமல் காத்திருந்தது.

“ஜெசிந்தா ஆகிய நான்...” என்றாள் அவள்.