யாருக்கும் வேண்டாத தோரணம்

"எங்க வீட்டுக்குத் தோரணம் வேணாம் அங்கிள்," என்றாள் ரமணி.

விமலனுக்குப் புரியவில்லை. நாளைக்குப் பொங்கல். தோளில் ஒரு சுமை தென்னந்தோரணத்தோடு வந்து நிற்கிறார், எதிர்வீட்டுப் பெண் கிரில் கதவைப் பாதிதான் திறக்கிறாள்.

"ஏம்மா?"

"வந்து... கிரிலுக்குப் பெயிண்ட் அடிக்கப் போறோம்."

"தீபாவளிக்குத்தானே அடிச்சீங்க?"

"அது... கலர் பிடிக்கல அங்கிள்."

கதவு சாத்திக்கொண்டது.

கிள்ளானில் அந்த அடுக்குமாடியின் நான்காவது மாடியில், எல்லா வாசலுக்கும் பொங்கல் தோரணம் பின்னிக் கொடுப்பது விமலனின் மனைவி தாமரைதான். தீபாவளி முடிந்த கையோடு அவள் போய்ச் சேர்ந்துவிட்டாள். வருஷம் திரும்பும்வரை விமலன் வீட்டில் பொங்கலும் கிடையாது, தோரணமும் கிடையாது. அது முறை. ஆனால் அவளால் மற்ற வாசல்கள் ஏன் வெறிச்சோடிக் கிடக்க வேண்டும்?

அதனால் லோரிக்கு லீவு போட்டார். பாசார் சந்தையில் ஓலை வாங்கி வந்தார். ஸ்டியரிங் பிடித்த கை ஓலை மடிக்க லேசில் பழகுமா? நகக்கண்ணெல்லாம் கீறல்.

ஒருவேளை தப்பாகப் பின்னிவிட்டோமோ? வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். தோரணத்தில் மடிக்கும் ஓலைக் குருவி மூன்று மேலே பார்த்தால் சாவு வீடு. நான்கு கீழே பார்த்தால் நல்ல காரியம். எண்ணினார். நான்குதான். கீழேதான் பார்த்தன.

பிறகு என்ன கோளாறு?

அடுத்த வீட்டு ரெங்கசாமியைக் கூப்பிட்டார்.

"வேணாம் தம்பி. பூனை இழுத்துப் போட்டுடும் லா."

"எந்தப் பூனை?"

"கீழ்வீட்டுப் பூனை."

"நாலு மாடி ஏறி வந்தா?"

"அது கெட்டிக்காரப் பூனை," என்றார் ரெங்கசாமி, முகத்தைப் பார்க்காமல்.

கோடி வீட்டுப் பரமேஸ்வரன் இன்னும் மோசம். உள்ளே டிவி சத்தம் கேட்கிறது, ஆள் கதவையே திறக்கவில்லை.

விமலனுக்குத் தலை சுற்றியது. போன வருஷம் இதே ஆட்கள்தான், "அண்ணி, எனக்கு முதல்ல" என்று தாமரையிடம் அடித்துக்கொண்டார்கள். இந்த வருஷம் பெயிண்டாம், பூனையாம்.

அப்போதுதான் சுருக்கென்று பட்டது. சாவு வீட்டுக்காரன் கை! அந்தக் கை பட்ட தோரணம் நல்ல நாளில் வாசலில் தொங்கலாமா?

அடப்பாவிகளா! அவள் கையால் எத்தனை வருஷம் வாங்கிக் கட்டினீர்கள்! கோபம் வந்தது. அழுகையும் வந்தது.

தோரணத்தை அப்படியே சுருட்டிக் கீழே குப்பைத்தொட்டியில் போட நடந்தார். படியில் அதே மாடித் தங்கமணி எதிரே வந்தாள். தாமரைக்குக் கூடப்பிறக்காத தங்கச்சி மாதிரி இருந்தவள்.

"எங்கண்ணே இதைக் கொண்டுபோறீங்க?"

"குப்பைக்கு! நீயாவது நேரா சொல்லு தங்கமணி. என் கை தீட்டா?"

அவள் திடுக்கிட்டாள். "யாருண்ணே அப்படிச் சொன்னது?"

"வாய்விட்டுச் சொன்னாத்தான் பரவாயில்லையே! ஒருத்தி பெயிண்டுங்கிறா. ஒருத்தர் பூனைங்கிறார்."

தங்கமணிக்குச் சிரிப்பு வந்தது. கண்ணும் கலங்கியது.

"ஒரு பொய்கூட ஒழுங்கா சொல்லத் தெரியல பாருங்க இவங்களுக்கு. உங்க காதுக்குப் போகக்கூடாதுன்னு நான்தான் எல்லார்கிட்டயும் சொல்லி வச்சேன். தெரிஞ்சா விடமாட்டீங்க, வீடு வீடா வந்து எங்களைப் பொங்கல் வைக்கச் சொல்லி உக்காந்துடுவீங்க."

"என்ன சொல்ற நீ? ஒண்ணும் புரியல."

"இந்த மாடியில இந்த வருஷம் யாருமே பொங்கல் வைக்கலண்ணே. யார் வீட்டுலயும் தோரணம் கிடையாது."

விமலன் இன்னும் குழம்பினார். "முறை எனக்குத்தானே? சாவு என் வீட்டுலதானே? உங்களுக்கு என்ன வந்துச்சு?"

தங்கமணி அவர் கையிலிருந்த தோரணத்தை மெல்ல வாங்கிக்கொண்டாள்.

"அண்ணி உங்க வீட்டுல மட்டும்தான் செத்தாங்களாண்ணே?"