ஒரு சீட்டும் உடையவில்லை

“பாஸ், மெதுவா! கண்ணாடிண்டு நெனச்சிக்கொண்டு எறக்குங்க!”

கீழே நின்றுகொண்டு ஜஹானா டீச்சர் போட்ட சத்தத்தில், பாடசாலைக் கூரை மேல் இருந்த ஹபீல் பாஸ் அப்படியே நின்றுவிட்டார். மடவளையில் பாதி வீடுகளுக்கு மேசன் வேலை செய்த மனிதர். இப்படி ஒரு கெடுபிடியை அவர் எங்கேயும் கண்டதில்லை.

“டீச்சர், இது பழைய அஸ்பெஸ்டஸ் சீட். சுத்தியலால ரெண்டு தட்டு தட்டினா எல்லாம் தன்னால கீழ வந்துரும்.”

“தட்டவே வாணாம். ஆணியக் கழட்டி, தண்ணி தெளிச்சி, முழுசா எறக்குங்க. ஒடஞ்சா தூள் பறக்கும். அது நெஞ்சுக்குள்ள போனா உசிருக்கே ஆபத்து.”

“அப்ப ஒடயாட்டிப் பிரச்சின இல்ல?”

“ஒடயாட்டிப் பிரச்சின இல்ல. மாஸ்க்க மூக்குக்கு மேல போடுங்க பாஸ். தாடிக்கு எதுக்கு மாஸ்க்?”

அந்த ஆரம்பப் பாடசாலைக்கு அதிபராக வந்த நாளிலிருந்தே ஜஹானாவுக்கு இந்தக் கூரைதான் தலைவலி. மழை பெய்தால் ஒழுகும். வெயில் காலத்தில் விரிசல்களிலிருந்து சாம்பல் நிறத் தூள் பிள்ளைகளின் கொப்பிகளில் உதிரும். இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் அதை ஒருவர் முகத்தில் ஒருவர் ஊதி விளையாடியதைக் கண்ட அன்றே அவள் முடிவெடுத்துவிட்டாள். இனி ஒரு பிள்ளையும் இந்தச் சீட்டுகளுக்குக் கீழே உட்காரக் கூடாது. அந்த ஒரே பிடிவாதத்தில் கந்தோர் கந்தோராக ஏறி இறங்கிப் புதுக் கூரைக்கு அனுமதி வாங்கியிருந்தாள்.

இறக்கிய சீட்டுகளைத் தடித்த பொலித்தீனில் சுற்றி, ஓரம் ஓரமாக டேப் ஒட்டி அடுக்கினார்கள். புதுப் பெண்ணின் சீதனச் சாமானுக்குக்கூட அத்தனை கவனிப்பு இருந்திருக்காது. ஊர் சும்மா இருக்குமா? மத்தியானத்துக்குள் கேற்றடியில் கூட்டம் கூடிவிட்டது.

“டீச்சர், கோழிக்கூட்டுக்கு ரெண்டே ரெண்டு சீட்” என்றாள் அடுத்த வீட்டு பஸ்லினா.

“ஒண்டும் தர ஏலா. இதெல்லாம் கழிவு எடுக்கிற கம்பனிக்குப் போற.”

“கழிவா? கழிவயா இப்பிடிப் பொத்திப் பொத்தி வெச்சீக்கிறீங்க?”

பஸ்லினா முகத்தைத் திருப்பிக்கொண்டு போனாள். ஆனால் அவளுக்குப் பின்னால் ஓட்டோக் கொட்டகைக்கு ஒருவர், விறகு மறைப்புக்கு இன்னொருவர் என்று ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள். பேசிப் பேசி ஜஹானாவுக்குத் தொண்டை வற்றிவிட்டது. கடைசியில் பெற்றோர் சங்கத் தலைவர் ரஸீன் நானா வந்துதான் கூட்டத்தை விரட்டினார்.

“நீங்க பயப்பட வாணாம் டீச்சர். ஒரு சீட்டும் ஒருத்தர்ட ஊட்டுக்கும் போகாது. நான் பொறுப்பு.”

“பெரிய உதவி நானா. இன்னொரு கவலயும் இரிக்கி. திங்கக்கெழம ஸ்கூல் தொடங்குது. புதுக் கூர போட்டு முடியிற வரைக்கும் புள்ளகள எங்க வெக்கிற?”

“பள்ளிவாசல் காணில ஒரு கொட்டில் போட்டாப் போச்சி. எங்கட புள்ளகள் தானே? பெத்தவங்க எல்லாரும் சேந்து செய்றோம்.”

ஜஹானாவுக்குக் கண் கலங்கியது. ஊரில் இப்படி ஒரு மனிதர் இருந்தால் போதும், பாதிச் சுமை இறங்கிவிடும்.

கம்பனி லொறி வரும் சனிக்கிழமையன்றே அவளுக்குக் கண்டியில் அதிபர்கள் கூட்டம். உடம்பு மண்டபத்தில் இருந்தாலும் மனம் முழுக்கப் பாடசாலை முற்றத்திலேயே கிடந்தது. திரும்பி வரும்போது கட்டுகஸ்தோட்டை நெரிசலில் பஸ் நின்றதும் ரஸீன் நானாவுக்குப் போன் எடுத்தாள்.

“நானா, லொறி வந்திச்சா?”

“வந்துட்டுப் போயிட்டு டீச்சர்.”

“சீட் ஒண்டும் ஒடயல்லயே?”

“ஒரு மூலகூட ஒடயல்ல. நீங்க நிம்மதியா ஊட்டுக்குப் போங்க.”

அன்றைக்குத்தான் அவள் வெகுநாளைக்குப் பிறகு வயிறாரச் சாப்பிட்டாள்.

திங்கட்கிழமை காலையில் பள்ளிவாசல் காணிக்குப் போனவள் வாசலிலேயே நின்றுவிட்டாள். கமுகு மரத் தூண்கள், இடுப்பளவுக்கு மூங்கில் தட்டி, வரிசையாகக் கதிரைகள். கூரையின் உட்பக்கம் முழுக்க நீல நிறப் பெயிண்ட் அடித்து, நடுநடுவே வெள்ளை மேகங்களும் வரைந்திருந்தார்கள். பிள்ளைகள் அண்ணாந்து பார்த்து, எந்த மேகம் யாருடையது என்று சண்டை பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

“அல்ஹம்துலில்லாஹ்!” ஜஹானா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “ரெண்டு நாளைக்குள்ள இவ்வளவு வேலயா? தகரத்துக்கு எங்க போனீங்க நானா?”

“தகரமா? வெயிலுக்குப் புள்ளகள் வெந்து போகுமே டீச்சர்!” ரஸீன் நானா பெருமையோடு கூரையைத் தட்டிக் காட்டினார். “நீங்க ஒடயாமக் காப்பாத்தின சீட்தான். கம்பனி லொறிய வெறுமனே திருப்பி அனுப்பிட்டு, ஊர்ல உள்ள உம்மா வாப்பா எல்லாரும் ராவு பகலா உக்காந்து, சேண்ட் பேப்பரால நல்லாத் தேச்சித் தேச்சித்தான் பெயிண்ட் அடிச்சோம்.”