தறியின் அந்தப் பக்கம்

"பேரை மாத்தறதா இருந்தா ஒரு வரி கூட எழுதாத. அந்த டேப்பை மொதல்ல நிறுத்தும்மா!"

தில்லையம்மாள் இப்படிச் சீறுவாள் என்று ஸிந்துஜா எதிர்பார்க்கவே இல்லை. அதுவரை இரண்டு பேரும் நன்றாகத்தான் பேசிக்கொண்டிருந்தார்கள்.

ஸிந்துஜா சின்ன காஞ்சிபுரத்துப் பெண். சென்னையில் பிஎச்.டி. செய்கிறாள். கணவன் கையால் செத்துப்போன பெண்களின் குடும்பங்கள் அதற்குப் பிறகு எப்படி வாழ்கின்றன என்பதுதான் ஆராய்ச்சி. பல்கலைக்கழகம் அதற்கு வாயில் நுழையாத தலைப்பு ஒன்றை வைத்திருந்தது. அதைச் சொன்னால் எந்த வீட்டிலும் தண்ணீர்கூடத் தரமாட்டார்கள். அதனால், "உங்க பொண்ணைப் பத்திப் பேசலாமாம்மா?" என்றுதான் தொடங்குவாள். ஐயம்பேட்டையில் இந்த நெசவாளர் வீட்டிலும் அப்படித்தான் தொடங்கினாள்.

தில்லையம்மாளின் மகள் ஏலவார்குழலியைத் திருப்புட்குழியில் கட்டிக் கொடுத்திருந்தார்கள். ஐந்து வருடத்துக்கு முன்பு புருஷன் முருகேசன் அவளை எரித்துக் கொன்றுவிட்டு, ஸ்டவ் வெடித்துவிட்டது என்றான். தெருவே ஆமாம் ஆமாம் என்று தலையாட்டியது.

"ஒருத்தி மட்டும் ஆட்டல," என்று தில்லையம்மாள் தறிப் பக்கம் கையை நீட்டினாள். "எங்க இளவரசி!"

குழித்தறியில் தில்லையம்மாளின் வீட்டுக்காரர் கலியாணசுந்தரம் நெய்துகொண்டிருந்தார். கரை ஒரு நிறம், உடல் ஒரு நிறம் என்று வரும் கோர்வைப் புடவைக்குத் தறியில் இரண்டு பேர் வேண்டும். அந்தப் பக்கத்தில் நூலோட்டும் நாடாவைத் தள்ளித்தர வீட்டுப் பிள்ளைதான் உட்காரும். காஞ்சிபுரத்தில் இதை யாரும் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. அங்கே இருபத்திரண்டு வயதில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். அக்கா இருந்த இடத்தில் இப்போது தங்கை என்று ஸிந்துஜா மனதில் குறித்துக்கொண்டாள்.

"அன்னிக்கு இவ அந்த வீட்லதான் இருந்தா. கண்ணால பாத்தவ. 'கோர்ட்டு கீர்ட்டுன்னு போனா எவன் உன்னைக் கட்டுவான், வாயை மூடிக்கினு இரு'ன்னு பெரியவங்க அல்லாரும் மிரட்டுனாங்க. ரூம்ல போட்டுப் பூட்டுனாங்க. அப்ப பதினேழு வயசும்மா இவளுக்கு! செங்கல்பட்டு கோர்ட்டுல கூண்டு ஏறி, அவன் மூஞ்சியப் பாத்துக்கினே, 'இவன்தான் கொளுத்துனான்'னு சொன்னா பாரு, ஜட்ஜையாவே பேனாவை வச்சிட்டு நிமுந்து பாத்தாரு. ஆயுள் தண்டனை வாங்கிக் குடுத்துட்டா என் பொண்ணு!"

தில்லையம்மாளுக்குப் பெருமை பிடிபடவில்லை. அவள் அழுவாள் என்று நினைத்து வந்த ஸிந்துஜாவுக்குத்தான் கண் கலங்கியது.

"போதும்மா, வர்றவங்க போறவங்க கிட்டல்லாம் இதையே சொல்லிக்கினு..." என்று இளவரசி வெட்கப்பட்டாள்.

"சொல்லுவேன்டி. கட்டையில போற வரைக்கும் சொல்லுவேன்."

கலியாணசுந்தரமும் வாயைத் திறந்தார். "தறியில உக்காந்த புதுசுல இவளுக்கு நாடா புடிக்கவே தெரியாதும்மா. இழையெல்லாம் அறுத்துத் தள்ளுவா. இப்ப பாரு, கரை எப்புடி வருதுன்னு!"

"நெசவுக்காரர் வீட்டுப் பொண்ணுக்கே நாடா தெரியலையா?" என்று ஸிந்துஜா கேலி செய்தாள். மூன்று பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அப்படியொன்றும் பெரிதாகச் சொல்லிவிடவில்லையே என்று அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது.

"ஆவணியில இவளுக்குக் கல்யாணம்மா," என்றாள் தில்லையம்மாள். "பையன் வீட்ல நானே உடைச்சிச் சொல்லிட்டேன். கோர்ட்டு ஏறுன பொண்ணு, இஷ்டம்னா கட்டுங்க, இல்லன்னா போங்கன்னு. ஓடுவாங்கன்னு பாத்தா, தேதி குறிச்சிக்கினு வந்தாங்க!"

அப்போதுதான் ஸிந்துஜா, எல்லா வீட்டிலும் சொல்வதுபோல, ஆராய்ச்சியில் உண்மையான பெயர் வராது, மாற்றித்தான் எழுதுவோம் என்றாள். வந்தது வினை.

"யுனிவர்சிட்டி விதிம்மா அது. எல்லாருக்கும் அப்படித்தான்," என்று கெஞ்சினாள்.

"என்னா பொல்லாத விதி? 'கோர்ட்டு ஏறுன இளவரசி'ன்னு ஊரே இவளைப் பேர் சொல்லித் தூத்துச்சு. தூத்தறப்போ சொந்தப் பேரு, நல்லதை எழுதறப்போ மாத்துப் பேரா? எங்க பேரைக்கூட மாத்திக்கோ. இவ பேரை மாத்தக்கூடாது."

தில்லையம்மாள் சம்மதிக்காவிட்டால் இந்தப் பேட்டியைத் தொடவே முடியாது. ஸிந்துஜா எத்தனையோ வீடுகளுக்குப் போயிருக்கிறாள். இப்படித் தலை நிமிர்ந்து பேசிய வீடு இது ஒன்றுதான். இதை விட்டுவிட அவளுக்கு மனசே இல்லை.

அருகில் நகர்ந்து குரலைத் தாழ்த்தினாள். "உங்க பொண்ணோட நல்லதுக்குத்தாம்மா சொல்றேன். நாளைக்கு இந்தப் புத்தகத்தை முருகேசன் வீட்டு ஆளுங்க யாராவது படிச்சா என்ன பண்றது? அவனுக்குக் கூடப் பிறந்தவங்க இருப்பாங்களே. இவ பேரைப் பார்த்தா சும்மா விடுவாங்களா?"

தறிச் சத்தம் நின்றது. இளவரசி நாடாவைக் கையில் வைத்தபடி நிமிர்ந்து பார்த்தாள்.

தில்லையம்மாள் எழுந்து போய் அவள் தலையில் கை வைத்தாள்.

"அவனுக்கு அண்ணனும் இல்ல, தம்பியும் இல்லம்மா. கூடப் பொறந்தது ஒரே ஒரு தங்கச்சி. செங்கல்பட்டுல கூண்டை விட்டு எறங்கி, நேரா எங்ககூட பஸ் ஏறி வந்துட்டுது. இப்ப தன்னோட முகூர்த்தப் புடவையைத் தானே நெய்யுது, பாரு!"