இரண்டு இடது கால்கள்

போன வருடம் ஒரு ஷூ கம்பெனி முத்தரசியைத் தேடி வந்து விளம்பரத்துக்குக் கேட்டபோது, "படிக்கிற பொண்ணு காசுக்குக் காலை விக்கக் கூடாதும்மா. ஸ்போர்ட்ஸ் சீட்டே போயிரும்" என்று தடுத்தவர் கோச் ஞானதுரை. வீட்டிலேயே முதன்முதலாகக் கல்லூரிக்கு வந்தவள், பயந்து வேண்டாமென்று சொல்லிவிட்டாள். இன்று கல்லூரி வாசலில் அட்மிஷன் பேனர் கட்டியிருந்தார்கள். அதில் அவள் நீளம் தாண்டி அந்தரத்தில் பறந்தாள். படம் எடுத்த அன்று அவள் தாண்டியது வெறுங்காலோடு. படத்திலோ அதே கம்பெனியின் ஷூவை ஒட்டியிருந்தார்கள். ஒட்டியவனுக்கு என்ன அவசரமோ, இரண்டு காலிலும் இடது ஷூ.

"என் காலை எப்ப சார் வித்தீங்க?"

"நிர்வாகம் முடிவு பண்ணுச்சும்மா." ஞானதுரை அவள் முகத்தைப் பார்க்காமல் மைதானத்தோரம் அடுக்கியிருந்த பெட்டிகளைக் காட்டினார். "கம்பெனி ஆளுங்க வந்துட்டாங்க. ஷூவைப் போட்டுக்கிட்டு, படத்துல இருக்கற மாதிரியே ஒருவாட்டி தாண்டிக் காட்டிரு. வாய் பேசாத."

"அப்படியே தாண்டறேன் சார்."

இரண்டு பெட்டிகளைத் திறந்து, இரண்டிலிருந்தும் இடது ஷூவை மட்டும் எடுத்தாள். அவள் ஊன்றித் தாண்டுவது வலது காலில். அதை இடது ஷூவுக்குள் திணித்தபோது விரல்கள் மடங்கி உயிர் போனது. நாடாவை இறுக்கிக் கட்டிக்கொண்டு ஓடுபாதையின் முனையில் போய் நின்றாள். கேமராக்காரர் சிரித்தபடி கட்டைவிரலை உயர்த்தினார். அப்போதுதான் ஞானதுரை அவள் காலைப் பார்த்தார்.

"ஏய் முத்து, நில்லு!"

அவள் ஓடத் தொடங்கியிருந்தாள்.